செங்காய்த் திருட்டு

(கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்ட காலைப்பொழுது. சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, மதுரையிலிருந்து மலையேறி வந்து குடியமர்ந்த சுந்தரேசன், வீட்டுக்குப் பின்னால் தக்காளிச் செடிகளின் முன்பு பதிவேட்டுடன் நிற்கிறார். ஒவ்வொரு காயின் காம்பிலும் நூலில் கட்டிய எண் சீட்டு தொங்குகிறது. ஓய்வு பெற்றவருக்குத் தோட்டம் நல்லதுதான். பதிவேட்டைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. வேலிக்கு அப்பால் பொன்னம்மாள் கீரைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்.)

சுந்தரேசன்: பொன்னம்மா, உங்களிடம் ஒரு புகாரைத் தெரிவிக்க வேண்டும். இந்த வட்டாரத்துக் குரங்குகள் என் தோட்டத்தை மட்டுமே குறிவைக்கின்றன. பதினேழாம் எண் தக்காளியின் அடிப்பக்கம் லேசாகச் சிவந்திருப்பதை நேற்று மாலை பதிவேட்டில் ஏற்றினேன். இன்று காலை பார்த்தால் சீட்டு இருக்கிறது, தக்காளி இல்லை.

பொன்னம்மாள்: அதை நேற்று மாலையே பறித்து உள்ளே வைத்திருந்தால் குரங்குக்கு இங்கே என்ன வேலை, சார்?

சுந்தரேசன்: முழுவதும் சிவக்காத ஒன்றைப் பழம் என்று நான் எப்படிச் சான்றளிப்பது? செடியிலேயே கனிந்தால்தான் சுவை என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பொன்னம்மாள்: பூ உதிர்ந்த அடிப்பக்கத்தில் வெளிர்மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு கீற்று தெரிந்துவிட்டால், அது செங்காய். பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவைத் தக்காளி தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும் என்று தோட்டக்கலைத் துறைப் பயிற்சியில் சொன்னார்கள். ஆகவே அது செடியில் இருந்தாலும் கூடையில் இருந்தாலும் பழுத்தே தீரும். அந்தப் பதத்தில் பறித்துப் பழுக்கவைத்தால் சுவையிலும் பெரிய குறை வராது. இந்த மழையில் செடியிலேயே விட்டுவைத்தால்தான் குறை வரும். வறண்டு கிடந்த வேர் ஒரே இரவில் தண்ணீரை இழுக்கும், உள்ளே சதை உப்பும், தோல் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் வெடித்துவிடும்.

சுந்தரேசன்: ஒன்பதாம் எண் அப்படித்தான் வெடித்தது. “மழையினால் ஏற்பட்ட இழப்பு” என்று குறிப்பு எழுதி, கையெழுத்தும் இட்டிருக்கிறேன்.

பொன்னம்மாள்: மேல்முறையீடு செய்ய வழியில்லாமல் முடித்துவிட்டீர்கள்.

சுந்தரேசன்: சரி, நிறமே மாறாமல் முழுப் பச்சையாக இருப்பதைப் பறித்தாலும் பழுக்குமா?

பொன்னம்மாள்: முற்றிய பச்சை பழுக்கும், பிஞ்சு சுருங்கித்தான் போகும். முற்றியதா என்று தெரிய வேண்டுமானால் ஒரு காயைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். விதைகளைச் சுற்றிக் கொழகொழவென்று கூழ் நிறைந்து, கத்தியில் விதைகள் அறுபடாமல் நழுவினால் முற்றிவிட்டது. விதைகளும் சேர்ந்து அறுபட்டால் இன்னும் நாளாக வேண்டும்.

சுந்தரேசன்: ஆனால் அறுத்த பிறகு அந்தக் காய் பழுக்காதே?

பொன்னம்மாள்: அதைப் பச்சைத் தக்காளித் துவையலுக்குக் கொடுத்துவிடுங்கள், சார். அதே அளவில், அதே நாளில் பூத்த மற்ற காய்களைப் பற்றி அது சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கும்.

சுந்தரேசன்: (சாட்சி என்ற சொல்லில் மனம் தேறி) இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூலையில் உள்ள அந்தச் செடியின் பழங்கள் மஞ்சளாகி எத்தனையோ நாளாயிற்று. சிவப்பதற்கு இன்னமும் மனம் வரவில்லை. தொட்டால் மெத்தென்று இருக்கின்றன. நேற்று இரண்டு தாமாகவே விழுந்துவிட்டன.

பொன்னம்மாள்: விதைப் பொட்டலத்தை வைத்திருக்கிறீர்களா?

சுந்தரேசன்: கோப்பில் இருக்கிறது. மகள் பெங்களூரிலிருந்து அனுப்பியது. (பதிவேட்டின் இடுக்கிலிருந்து எடுத்து நீட்டுகிறார்.)

பொன்னம்மாள்: படத்தில் இருக்கும் தக்காளி என்ன நிறம், சார்?

சுந்தரேசன்: (நீண்ட நேரம் பார்த்துவிட்டு) மஞ்சள். ஆனால் அச்சுப் பிழையாக இருக்கலாம் என்று கருதினேன்.

பொன்னம்மாள்: மஞ்சள் வகைக்கு அதுதான் பழம். நிறத்தை மட்டும் நம்பாமல், அழுத்தினால் சிறிது இளகிக்கொடுக்கிறதா, காம்புக்கு அருகில் மணம் வருகிறதா, லேசாகத் திருகியதும் கையோடு வந்துவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தானாகவே விழுகிற அளவுக்குக் காத்திருப்பது மரியாதையில் சேராது.

சுந்தரேசன்: போகட்டும், குடைமிளகாயில் நான் தாமதமே செய்யவில்லை. உருண்டு திரண்டதும் பச்சையாகவே பறித்து, சிவக்கட்டும் என்று அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்திருக்கிறேன். இரண்டு வாரமாகத் தினமும் திறந்து பார்க்கிறேன்.

பொன்னம்மாள்: இப்போது எப்படி இருக்கின்றன?

சுந்தரேசன்: பச்சையாகவே இருக்கின்றன. ஆனால் முன்பு இல்லாத சுருக்கங்கள் வந்திருக்கின்றன. சோற்றில் வேறு ஒரு மாதிரி மணம் வருகிறது என்று வீட்டில் புகார்.

பொன்னம்மாள்: நீங்கள் இரண்டையும் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள், சார்! உள்ளே வைத்தால் பழுத்துவிடும் தக்காளியைச் செடியில் காக்க வைத்தீர்கள். செடியில் காத்திருக்க வேண்டிய குடைமிளகாயைப் பறித்துப் பானையில் போட்டீர்கள். குடைமிளகாய்க்குத் தக்காளியைப் போலத் தானே பழுக்கும் குணம் கிடையாது. அது உங்கள் அலுவலகத்து ஊழியரைப் போன்றது. பதவியிலிருந்து இறக்கிவிட்ட பிறகு பதவி உயர்வு கிடைக்காது.

சுந்தரேசன்: ஓய்வூதியம்கூட இல்லையா?

பொன்னம்மாள்: பாதி சிவந்ததைப் பறித்தால் மீதி நிறம் வீட்டிலேயே ஓரளவு ஏறும், அவ்வளவுதான். முழுப் பச்சையில் பறித்தது பச்சையாகவே சுருங்கும். அதற்காகப் பச்சையாகப் பறிப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. கடையில் விற்கும் பச்சைக் குடைமிளகாய் எல்லாம் பழுக்காத காய்தானே? காய் தன் முழு அளவை எட்டி, தோல் பளபளத்து, கையில் கனத்து, அழுத்தினால் விறைப்பாக நின்றால் பறித்துச் சமைக்கலாம். இனிப்பும் வைட்டமின் சி சத்தும் கூடுதலாக வேண்டும் என்றால் அதன் பிறகும் இரண்டு மூன்று வாரம், இந்தக் குளிரில் இன்னும் கூடுதலாகவே, செடியில் விட்டு நிறம் மாறவிட வேண்டும். ஆனால் எல்லாக் காயையும் சிவக்க விட்டால் செடி புதிதாகக் காய் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். நான் முதலில் வருபவற்றைப் பச்சையில் பறித்துவிட்டு, கடைசியாக வருபவற்றைத்தான் பழுக்க விடுவேன்.

சுந்தரேசன்: பறிக்கும்போது ஒரு கிளையும் உடன் வந்துவிட்டது.

பொன்னம்மாள்: இழுத்திருப்பீர்கள். அதன் கிளை சட்டென்று ஒடிந்துவிடும்; கத்தரிக்கோலால் காம்பில் நறுக்க வேண்டும். தக்காளிக்குத்தான் கத்தரிக்கோல் வேண்டாம். காம்பின் நடுவில் ஒரு கணு இருக்கிறது, அங்கே கட்டைவிரலை வைத்து மடக்கினால், மேலே இருக்கும் பச்சை இதழ்களோடு சுத்தமாக ஒடிந்து வரும்.

சுந்தரேசன்: (பதினேழாம் எண் சீட்டு தொங்கும் கொத்தை உற்றுப் பார்த்து) குரங்கும் இந்தக் கணுவில்தான் ஒடித்திருக்கிறது.

பொன்னம்மாள்: குரங்கா? ஒரு கடி கடித்துக் கீழே போட்ட மிச்சம் ஏதேனும் கிடக்கிறதா?

சுந்தரேசன்: ஒன்றுகூட இல்லை. மேலும் சீட்டை அவிழ்த்து, பக்கத்துக் கிளையில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

பொன்னம்மாள்: (கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு) காணாமல் போனவை எல்லாம் எந்தப் பதத்தில் போயின?

சுந்தரேசன்: (பதிவேட்டைப் புரட்டுகிறார்) எல்லாமே அடியில் சிவந்த அன்றோ மறுநாளோ போயிருக்கின்றன. நன்கு சிவந்த ஒன்றுகூடத் திருடுபோனதாகப் பதிவில்லை, ஏனென்றால் எதுவும் அதுவரை இருந்ததில்லை. இத்தனை செடிகளை வளர்த்தும், வாரந்தோறும் தக்காளி வாங்க நான் என் மனைவியிடம் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றால் என் நிலையை நீங்களே எண்ணிப்பாருங்கள். ஆனால் ஒன்று, கடைத் தக்காளி நம் தோட்டத்தில் விளைவதைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

பொன்னம்மாள்: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) அப்படியா! சரி, இனிமேல் செங்காயைப் பறித்தால் எங்கே வைப்பீர்கள்?

சுந்தரேசன்: வெயில் படும் சன்னலில் வைப்பேன்.

பொன்னம்மாள்: வெயில் தேவையே இல்லை. பழுப்பதற்கு வேண்டியது வெதுவெதுப்பு. 20 முதல் 25 டிகிரி வரை இருந்தால் சிவப்பு நன்றாக ஏறும். 30 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு ஏறாமல் மஞ்சளடித்து நிற்கும். குளிர்பெட்டியும் வேண்டாம், அந்தக் குளிரில் மணம் செத்துவிடும். கார்த்திகை மாதத்து இரவில் நம் ஊர் வீடுகளுக்கும் குளிர்பெட்டிக்கும் அதிக வேறுபாடு இல்லை என்பதால், அடுப்புக்குப் பக்கத்து மாடத்தில் ஒரு கூடையில் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தாமல் அடுக்கி, செய்தித்தாளால் மூடிவையுங்கள். அவசரமென்றால் உள்ளே ஒரு வாழைப்பழத்தையும் போட்டுவைக்கலாம்.

சுந்தரேசன்: அந்த மாடத்தில் இடமில்லை. அங்கே ஏற்கெனவே செய்தித்தாளால் மூடிய ஒரு கூடை இருக்கிறது. அதைத் தொடவே கூடாது என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் வாழைப்பழம் ஏன் இருக்கிறது என்பதும் எனக்கு நெடுநாளாக…

(பதிவேடு மெதுவாக மூடப்படுகிறது.)

சுந்தரேசன்: என் தக்காளியை எனக்கே விற்றிருக்கிறாள், பொன்னம்மா!

பொன்னம்மாள்: என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள், சார்?

சுந்தரேசன்: சந்தையில் பேரம் பேசி, கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து வாங்குவதாகச் சொல்கிறாள்.

பொன்னம்மாள்: அப்படியானால் எனக்கும் இரண்டு கிலோ சொல்லிவையுங்கள்.