எரிகல் பார்க்கப் போகும்போது நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள்

ஆகஸ்ட் நெருங்கினால் போதும், வருஷா வருஷம் அந்த மாதத்தில் வரும் பெர்சியட் எரிகல் பொழிவைப் பற்றி "மணிக்கு நூறு எரிகற்கள், வானத்தில் வாணவேடிக்கை" என்று பகிர ஆரம்பித்துவிடுகிறார்கள். அதை நம்பி ராத்திரி மாடிக்கு ஏறி, பதினைந்து நிமிடம் அண்ணாந்து பார்த்து, ஒன்றும் காணாமல் இறங்கிப்போய் "எல்லாம் சும்மா" என்று முடிவு கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த நூறு எங்கிருந்து வந்தது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. விளக்காமல் எண்ணை மட்டும் தூக்கிப் போடுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அந்த எண் ஒரு கணக்கு. பொழிவு புறப்படுவதாகத் தோன்றும் புள்ளி, அதாவது கதிர்ப்புள்ளி, நேர் தலைக்கு மேல் இருந்து, வானத்தில் மேகமே இல்லாமல், 6.5 அளவு வரை (எண் கூடக் கூட விண்மீன் மங்கல்) மங்கிய விண்மீன்களும் கண்ணுக்குத் தெரிந்தால் ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பார்ப்பார் என்பதுதான் அது. அப்படி ஒரு வானம் யாருக்கு வாய்க்கிறது? கதிர்ப்புள்ளி அடிவானிலிருந்து 30 பாகை உயரத்தில் இருந்தால் நூறு ஐம்பதாகிவிடும். ஊர் வெளிச்சத்தால் 5.5 அளவு வரைதான் விண்மீன் தெரிகிறது என்றால் அந்த ஐம்பதும் இருபத்திரண்டு, இருபத்துமூன்றாகச் சுருங்கும். இன்னும் ஒரு படி வெளிச்சம் கூடினால் பத்து. சராசரியாக ஆறு நிமிடத்துக்கு ஒன்று. அதுவும் சீராக வராது. இருபது நிமிடம் எதுவும் வராமல் இருந்துவிட்டு, அரை நிமிடத்தில் மூன்று வரும். பதினைந்து நிமிடத்தில் இறங்கிப்போனவர் ஏன் ஏமாந்தார் என்று இப்போது புரியும்.

நான் இத்தனை வருடமாக வானம் பார்த்ததில் எனக்கு உறுதியாகிப்போன விஷயம் ஒன்று உண்டு. எரிகல் பொழிவுக்கும் சந்திர கிரகணத்துக்கும் தொலைநோக்கி அவசியம் இல்லை, நல்ல கேமராவும் அவசியம் இல்லை. நோட்டுப் புத்தகம் அவசியம். பார்த்ததை அங்கேயே, அப்போதே எழுதிவைக்காத பார்வை மறுநாள் காலையிலேயே பாதி அழிந்துவிடுகிறது. எழுதப் போகிறோம் என்ற எண்ணம் இருந்தால் பார்ப்பதே வேறு மாதிரி ஆகிறது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவள் என் அக்கா மகள். 2025 செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணம். முழுமை, அதாவது நிலவு முழுசாகப் பூமியின் நிழலுக்குள் இருக்கும் நேரம், 82 நிமிடம். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நிலவு முழுசாக நிழலுக்குள் போன பிறகு நிறத்தைக் குறிக்கச் சொன்னேன். இதற்கென்று பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தாஞ்சோன் 1921ல் வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. 0 என்றால் நிலவு ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாத இருட்டு. 1 என்றால் பழுப்போ சாம்பலோ கலந்த இருள். 2 என்றால் ஆழ்ந்த துருச்சிவப்பு. 3 என்றால் செங்கல் நிறம். 4 என்றால் பளிச்சென்ற செம்பு அல்லது ஆரஞ்சு. கருவி எதுவும் வேண்டாம், வெறும் கண்ணால் சொல்ல வேண்டும். நான் 2 என்றேன். அவள், "இல்ல மாமா, அதெப்படி ஒரே நம்பர் போடுவீங்க? ஒரு ஓரம் கரிக்கட்டை மாதிரி இருக்கு, எதிர் ஓரம் பழைய செம்புச் சொம்பு மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. நிழலின் நடுவுக்குப் பக்கமாக இருக்கும் ஓரம் கறுத்தும், நிழலின் விளிம்புக்குப் பக்கமாக இருக்கும் ஓரம் வெளுத்தும்தான் இருக்கும். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். அன்றைக்கு நான் எடுத்த படங்கள் எந்த ஃபோல்டரில் கிடக்கின்றன என்றுகூடத் தெரியவில்லை. அந்த வரி என்னிடம் இருக்கிறது.

படத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முழுமையின்போது நிலவு பௌர்ணமி நிலவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மங்கிவிடும். போன் கேமரா அதை வலிந்து பிரகாசமாக்கி, தக்காளிப் பழம்போல் சிவக்கவைத்துக் காட்டும். "ரத்த நிலா" என்று பரவும் படங்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். அவற்றைப் பார்த்துவிட்டு நிஜ வானத்தைப் பார்க்கிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். உண்மையில் அந்த மங்கல்தான் கிரகணத்தின் அழகே. அரை மணிக்கு முன்பு நிலவொளியில் காணாமல் போயிருந்த விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். எந்தப் படத்திலும் அது முழுசாக அகப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் எழுதும் ஆசை தானாக வரும். நிலவின் மேல் நின்று பூமியைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சூரியனை மறைத்து நிற்கும் கரிய பூமியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் தெரியும். அந்த நொடியில் உலகத்தில் எங்கெங்கே விடிகிறதோ, எங்கெங்கே பொழுது சாய்கிறதோ, அத்தனை வெளிச்சமும் நம் காற்றுமண்டலத்தில் வளைந்து போய் நிலவின் மேல் விழுகிறது. காற்று தூசாக இருந்தால் நிலவு கறுக்கும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்தது. 1992 டிசம்பர் 9 கிரகணத்தில் நிலவு ஏறக்குறைய காணாமலே போனது. 1963ல் இந்தோனேசியாவின் ஆகுங் எரிமலை வெடித்த ஆண்டின் டிசம்பர் 30 கிரகணமும் அப்படித்தான். கண்ணால் பார்த்து ஒருவர் எழுதும் ஒற்றை இலக்கத்தில் உலகத்தின் காற்று எப்படி இருந்தது என்ற செய்தி இருக்கிறது! முழுமை தொடங்கும்போதும் முடியும்போதும் பைனாகுலரில் பார்த்தால் நிழலின் விளிம்பில் லேசான நீலப்பட்டை தெரியும். ஓசோன் சிவப்பை உறிஞ்சிவிட்டு அனுப்பும் வெளிச்சம் அது. அது தெரிந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"நாம எழுதி என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன்.

முதலாவது, வில்லியம் டென்னிங். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருந்தவர், பிழைப்புக்குக் கணக்கர் வேலை. இரவு இரவாக எரிகற்களைப் பார்த்து, அவை எங்கிருந்து புறப்படுவதாகத் தெரிகின்றன என்று எழுதி எழுதியே கதிர்ப்புள்ளிகளின் பெரும்பட்டியல் ஒன்றைத் தந்தார். இரண்டாவது, 2019 ஜனவரி 21 முழுச் சந்திர கிரகணம். முழுமை நடந்துகொண்டிருக்கும்போது நிலவின் இருண்ட முகத்தில் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு மின்னி மறைந்தது. கால் நொடியை ஒட்டிய நேரம். விண்ணிலிருந்து வந்த கல் ஒன்று நிலவில் மோதிய வெளிச்சம் அது. மணிக்கு 61,000 கிலோமீட்டர் வேகம் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஸ்பெயினில் நிலவு மோதல்களைக் கண்காணிக்கும் குழுவின் தொலைநோக்கிகளில் அது பதிவானது. அதே பொட்டு உலகின் பல மூலைகளில் பொழுதுபோக்காகக் கிரகணத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தவர்களின் வீடியோக்களிலும் இருந்தது. பிறகு தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அத்தனை பேரும் அந்த நேரத்தில் விழித்திருந்தார்கள், நேரத்தோடு பதிவு வைத்திருந்தார்கள். எனக்குப் பிடித்த இரண்டும், கிரகணமும் எரிகல்லும், ஒரே காட்சியில் வந்த இரவு அது. (கேமரா வேண்டாம் என்று சொன்னவன் இதைச் சொல்கிறேனே என்று கேட்கலாம். விடாமல் ஓடும் வீடியோவும் ஒரு நோட்டுப் புத்தகம்தான். நான் வேண்டாம் என்பது, ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டு வானத்துக்கு முதுகு காட்டும் பழக்கத்தை.)

எழுதிவைப்பது நமக்குப் புதிதும் இல்லை. புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஒரு மீன், அதாவது விண்மீன், விழுந்ததைச் சொல்கிறார். சும்மா "விழுந்தது" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. பங்குனியின் முற்பாதி, இருள் செறிந்த நள்ளிரவு, எந்த மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எதிரே எழுந்தது, எது மறைந்தது, விழுந்த மீன் கிழக்கும் போகாமல் வடக்கும் போகாமல் எப்படி விழுந்தது என்று வரிசையாக வைக்கிறார். அரசனுக்கு என்ன ஆகுமோ என்ற அச்சத்தில் பாடிய பாட்டு அது. அந்த அச்சத்தை விட்டுவிடலாம். காலம், இடம், திசை மூன்றையும் விடாமல் குறித்த அந்தக் கண்ணை விட முடியாது. இன்றைக்கும் ஒரு நல்ல கவனிப்புக் குறிப்பில் இருக்க வேண்டியது அதேதான்.

எப்படி எழுதுவது என்பது பெரிய வித்தை இல்லை. தொடங்கிய நேரம், முடித்த நேரம். வானத்தில் எவ்வளவு பங்கு மேகம். எவ்வளவு மங்கிய விண்மீன் வரை தெரிகிறது. அதற்குக் கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை மீன் எண்ண முடிகிறது என்று பார்த்தாலே ஓரளவு பிடிபட்டுவிடும். பிறகு ஒவ்வொரு எரிகல்லுக்கும் ஒரு கோடு, பக்கத்தில் அது எவ்வளவு பிரகாசம், பொழிவைச் சேர்ந்ததா இல்லையா. பாதையைப் பின்னோக்கி மனசுக்குள் நீட்டிப் பார்த்தால் கதிர்ப்புள்ளியைத் தொடுகிறதா என்பது தெரியும். கண்ணை வானத்திலிருந்து எடுக்காமல் கிறுக்கப் பழகிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் போனில் குரல் பதிவை ஓடவிட்டு, திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டே போகலாம். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். ஒரு தடவை திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண். வெளிச்சம் வேண்டியே தீரும் என்றால் மங்கிய சிவப்பு விளக்கு. ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே வரவில்லையா? "பூஜ்யம்" என்று எழுதுங்கள். அதுவும் தகவல்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. 1988ல் தொடங்கிய சர்வதேச விண்கல் அமைப்பு இப்படிச் சாதாரண ஆட்கள் அனுப்பும் எண்ணிக்கைகளை இன்றும் வாங்கிக் கணக்கில் சேர்க்கிறது.

சரி, எப்போது பார்ப்பது? 2026 ஆகஸ்ட் 12–13 இரவை விட்டுவிடாதீர்கள். பெர்சியட் பொழிவு உச்சத்துக்கு வரும் இரவு அது. அன்றைக்கு அமாவாசை. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் வழியாக முழுச் சூரிய கிரகணம் நடப்பதும் அதே நாளில்தான் என்பதால் இரவில் நிலவு தொல்லைக்கே வராது. ஸ்விஃப்ட்-டட்டில் வால்வெள்ளி விட்டுப்போன துகள்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் நம் காற்றில் மோதுகின்றன. பெரும்பாலானவை மணல் அளவுதான். அந்த வால்வெள்ளி கடைசியாக 1992ல் சூரியனருகே வந்தது, இனி 2126ல் வரும். நம்மில் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை, அதன் தூசியை வருஷா வருஷம் பார்க்கலாம். நள்ளிரவு தாண்டிப் போங்கள். பூமி தன் பாதையில் முன்னேறிப் போகும் முகம் அப்போதுதான் நம் பக்கம் திரும்புகிறது. ஓடுகிற வண்டியின் முன்கண்ணாடியில்தானே மழை அதிகம் அடிக்கும்? பெர்சியட் கதிர்ப்புள்ளி வடக்கே மிகத் தள்ளி இருப்பதால் தென்கோளத்தில் இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்கு மே மாதத்தில் ஹாலி வால்வெள்ளியின் தூசியில் வரும் ஈட்டா அக்வாரிட் பொழிவு நல்லது.

பெர்சியட் இரவுக்குப் பதினைந்து நாள் கழித்து, 2026 ஆகஸ்ட் 28ல் பகுதிச் சந்திர கிரகணம். "பகுதிதானே" என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. நிலவின் விட்டத்தில் 93 சதவீதம் கருநிழலுக்குள், அதாவது பூமி நிழலின் இருண்ட நடுப்பகுதிக்குள், போகிறது. மீதி ஒரு கீற்று மட்டும் வெள்ளையாக எரியும்போது மற்ற இடமெல்லாம் செம்பாகத் தெரியும். முழுக் கிரகணத்தில் கிடைக்காத முரண் அது. அமெரிக்கக் கண்டங்களில் இருப்பவர்களுக்கு நல்ல காட்சி. ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் விடியலுக்கு முன்னால் மேற்கே பார்க்க வேண்டும். ஆசியாவின் பெரும்பகுதிக்கு இது கிடையாது. 2027ல் மூன்று சந்திர கிரகணம் வருகிறது, மூன்றும் புறநிழல், அதாவது நிழலின் மங்கலான வெளிப்பகுதி, மட்டும். அதிலும் ஜூலை 18 கிரகணம் நிழலின் ஓரத்தை உரசிவிட்டுப் போவதுதான், எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதையும் யாராவது "அரிய நிகழ்வு" என்று பகிர்வார்கள், பாருங்கள்.

அடுத்த முழுச் சந்திர கிரகணத்துக்கு 2028 டிசம்பர் 31 வரை காத்திருக்க வேண்டும். 71 நிமிட முழுமை, உச்சம் உலக நேரம் 16:52. ஆசியாவில் இருப்பவர்களுக்கு இது அருமையாக அமைகிறது. நிலவு மிதுன மண்டலத்தில் நின்று சிவக்கும்போது திருவாதிரையும் சீரியஸும் அக்கம்பக்கத்தில் பளிச்சிடும். அதையும் தாண்டி 2029 ஜூன் 26ல் 102 நிமிடம்.

நடுவே 2026 டிசம்பர் 13–14ல் ஜெமினிட் என்ற இன்னொரு எரிகல் பொழிவின் இரவு இருக்கிறது. ஐந்து நாள் வளர்பிறை நள்ளிரவுக்கு முன்பே மறைந்துவிடும். புனர்பூச மீன்களுக்குப் பக்கத்திலிருந்து புறப்படும் இவை நொடிக்கு 35 கிலோமீட்டர்தான், பெர்சியட்டைவிட நிதானம். இவற்றின் துகள்களைத் தந்த தாயும் வால்வெள்ளி இல்லை. 1983ல் கண்டுபிடித்த ஃபேயத்தான் என்ற சிறுகோள். புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். முன்னிரவிலேயே ஆரம்பித்துவிடும், மெதுவாகப் போவதால் "எங்கே, எங்கே" என்று கேட்பவரும் திரும்பிப் பார்த்துவிடலாம்.

ஆகஸ்டுக்கு என் அக்கா மகளோடு வானத்தைப் பங்கு பிரித்தாகிவிட்டது. கதிர்ப்புள்ளியைச் சுற்றி நான், அதிலிருந்து தள்ளி அவள். கதிர்ப்புள்ளிக்குப் பக்கத்தில் வருபவை குட்டையாக இருக்கும், தள்ளித்தான் நீண்ட கோடுகள் விழும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "ரெண்டு பேரும் ஒரே எரிகல்லைப் பார்த்தா ரெண்டு நோட்டுலயும் எழுதணுமா மாமா?" என்று நேற்றுக் கேட்டாள். எழுத வேண்டும். அவரவர் கண்ணுக்கு அவரவர் கணக்கு.