செத்துப்போன சர்ச்சாம்!

அந்த ரீலை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "அண்ணே, இது உங்க ஏரியாதானே" என்று நேற்றிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஆமாம், இங்கிலாந்தின் கிழக்கே இருக்கும் சஃபோக். என் ஏரியாதான். எந்த ஊர் சர்ச் என்று சொல்ல மாட்டேன், இன்னும் நாலு பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள்.

ரீல் எடுத்த தம்பி ஒரு பழைய கிராமத்து சர்ச்சுக்குள் நுழைந்து ஒரு சுற்று சுற்றுகிறார். "பாருங்க மக்களே, ஈ காக்கா இல்ல. இங்கிலாந்துல சர்ச் செத்துப்போச்சு!" ஓரத்தில் ஒரு வயதான அம்மா குனிந்து வௌவால் எச்சத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தை ஜூம் செய்து மேலே ஒரு சிரிப்பு எமோஜி.

தம்பி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். செத்துப்போன இடத்துக்குள் நீங்கள் எப்படி நுழைந்தீர்கள்? கதவு திறந்திருந்தது. காலையில் யாரோ வந்து திறந்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் எமோஜி ஒட்டினீர்களே, அனேகமாக அவர்தான்.

இங்கே ஒரு கிராமத்து சர்ச்சின் கூரை ஒழுகினால் அரசாங்கம் வந்து அடைக்காது. அந்தந்த ஊர் சர்ச் கமிட்டிதான் பார்க்க வேண்டும். கமிட்டி என்றால் பெரும்பாலும் ஓய்வு பெற்ற பெரியவர்கள் சிலர். பாதிரியாருக்கோ கையில் ஐந்தாறு ஊர்கள். கேக் விற்று, பழைய புத்தகம் விற்று, உண்டியலில் விழுவதை எண்ணிக் காசு சேர்க்கிறார்கள். சேர்த்துக் கூரை போட்டால் அதிலிருக்கும் ஈயத் தகட்டைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போகிறார்கள். ரிப்பேர் செலவுக்கு 20 சதவீதம் வாட் வரி வேறு. அதைத் திருப்பித் தந்துகொண்டிருந்த திட்டத்துக்கும் 2025 ஏப்ரலில் உச்சவரம்பு வைத்தார்கள், ஒரு கட்டடத்துக்கு வருடத்துக்கு 25,000 பவுண்டு. 600 வருடக் கூரைக்கு அது எந்த மூலைக்கு? வௌவாலை விரட்டவும் சட்டம் விடாது. பெருக்கத்தான் முடியும். அதைத்தான் அந்த அம்மா செய்துகொண்டிருந்தார்.

"இவ்வளவு பெரிய சர்ச்சில் ஆராதனைக்கு எட்டுப் பேர்தானா?" என்று சிரிக்கிறீர்கள். இவை ஆள் கணக்குப் பார்த்துக் கட்டியவை இல்லை ஐயா. 15ஆம் நூற்றாண்டில் கம்பளித் துணி வியாபாரத்தில் பணம் கொட்டியது. செத்த பிறகு ஆன்மா சீக்கிரம் கரையேற வேண்டும் என்று பணக்காரர்கள் வாரி இறைத்தார்கள். இங்கே பிளைத்பரோ என்ற ஊருக்குப் போய்ப் பாருங்கள். ஆற்றில் மண் மேவித் துறைமுகம் நொடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அத்தனை பெரிய சர்ச்சைக் கட்டினார்கள். உத்தரத்தில் இறக்கை விரித்த மரத் தேவதைகள். அதில் துப்பாக்கி ரவை பாய்ந்திருக்கிறது, 1644இல் சிலை உடைக்க வந்த வில்லியம் டௌசிங்கின் ஆட்கள் சுட்டது என்பார்கள். அதெல்லாம் கதை. 18ஆம் நூற்றாண்டில் உள்ளே அடைந்த பறவைகளைச் சுட்டபோது பட்டது. நம் தம்பிக்கு இதெல்லாம் வேண்டாம், அவருக்கு "செத்துப்போச்சு" போதும்.

எங்கள் அம்மா இங்கே வந்திருந்தபோது பக்கத்தில் வென்ஹாஸ்டன் ஊர் சர்ச்சுக்குக் கூட்டிப் போனேன். அங்கே பலகையில் தீட்டிய கடைசித் தீர்ப்பு ஓவியம் ஒன்று உண்டு. சர்ச்சில் சிலையும் படமும் கூடாது என்ற மதச் சீர்திருத்த காலத்தில் அதன்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். 1892இல் பழுதுபார்க்கும்போது 'பழைய பலகைதானே' என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். மழை பெய்து சுண்ணாம்பு கரைய, உள்ளேயிருந்து முகங்கள் எட்டிப்பார்த்தன. ராஜாவும் பிஷப்பும் உடம்பில் பொட்டுத் துணியில்லாமல், தலையில் கிரீடத்தோடும் குல்லாவோடும் நிற்கிறார்கள். நடுவில் இருந்த சிலுவைச் சிற்பங்களைப் பிடுங்கிய இடம் மட்டும் வண்ணமே இல்லாமல் ஆள் உருவமாக நிற்கிறது. ஓவியத்தில் ஆன்மாவை நிறுக்கும் தராசைப் பார்த்ததும் அம்மா, "சித்திரகுப்தன் கணக்கு இங்கயும் உண்டாடா?" என்றார்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கல் தரை ஜில்லிட்டுக் கிடந்தது. அங்கிருந்த ஒரு பெண்மணி ஒன்றும் பேசாமல், முழங்காலிட வைத்திருக்கும் பூவேலை செய்த சின்ன மெத்தை ஒன்றை எடுத்துவந்து அம்மாவின் காலடியில் போட்டார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அரை மணி நேரம் மூட்டு வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கமெண்டுக்காரர்கள். "நம்மைக் கொள்ளையடித்துக் கட்டியதுதானே?" கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே 1600இல். இந்த சர்ச்சுகளில் பல அதற்கு நூற்றுக்கணக்கான வருடம் மூத்தவை. சுவரில் பின்னால் பதித்த கல்வெட்டுகளில் மதராஸில் உத்தியோகம் பார்த்த கர்னல்கள் இருக்கிறார்கள், உண்மைதான். அதைப் பேசலாம், தனியாகப் பேசலாம். பெருக்குகிற கிழவியைக் கிண்டல் செய்வதற்கு அது லைசென்ஸ் இல்லை.

"நம்ம ஊர்க் கோயில் பாழடைஞ்சு கெடக்கு, அதைப் பாருங்க." பார்க்கிறேன் சார், ஊருக்கு வரும்போதெல்லாம் பார்க்கிறேன். நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்?

அப்புறம் அந்தப் பழைய கேள்வி, "மதம் மாறிட்டீங்களா?" இதைக் கேட்டவர் முன்பின் தெரியாத ஆள் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சொந்தக்காரர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அம்மாவும் இருக்கிற குழுவில் கேட்டார். ஒரு சர்ச்சின் கல்தூணைப் போட்டோ எடுத்துப் போட்டதற்கு! இத்தனை வருடமாக இந்த ஊர்களைப் பற்றி எழுதுகிறேன். முப்பது லைக் வந்தால் பெரிது. "செத்துப்போச்சு" என்று கத்திய ரீலை, என் பதிவுக்கு ஒரு நாளும் லைக் போடாத நண்பர்களெல்லாம் தேடித் தேடி ஷேர் செய்திருக்கிறார்கள். பொறாமை என்பீர்கள். இருக்கட்டும், பொறாமைதான். அதனால் நான் சொல்வது பொய்யாகிவிடுமா?

அந்த அம்மா நம் வீட்டு ஆளாக இருந்து, நம் கோயில் பிரகாரத்தைப் பெருக்கும்போது ஒரு வெள்ளைக்காரப் பையன் ஜூம் செய்து சிரித்திருந்தால், இந்நேரம் இதே முகநூல் என்ன கொதி கொதித்திருக்கும்! இங்கே மட்டும் "ஜாலியாத்தானே எடுத்தான், விடுங்க". ஏன் விட வேண்டும்? உள்ளே வந்தவனை யார், எந்த ஊர் என்று கேட்காமல் விட்டதற்கு அவருக்கு நாம் செய்த மரியாதையா இது?

ரீலை எடுக்கச் சொல்லி அந்தத் தம்பிக்குத் தனியாக எழுதினேன். பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. கீழே "நல்ல பதிவு அண்ணா, ஆனால்" என்று ஆரம்பிக்கப் போகிறவர்கள், முதலில் உங்கள் பக்கத்தில் ஷேர் செய்திருப்பதை எடுத்துவிட்டு வாருங்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும்.