மஞ்சள் துணியில் பதினொரு ரூபாய்

போன வாரம் உறவினர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மா, ரசம் ஊற்றும்வரை காத்திருந்து கேட்டார்: "அண்ணனும் தங்கையும் மாதா மாதம் வண்டியில் ஏற்காட்டு மலைக்குப் போகிறீர்களாமே, என்ன விசேஷம்?"

விசேஷம் ஒன்றுமில்லை பெரியம்மா என்றேன். அவர் நம்பவில்லை. விசேஷம் இல்லாமல் கூடப்பிறந்தவர்கள் எதற்காகச் சந்திக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். நானே நாற்பதை நெருங்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அண்ணனுக்கு 46 வயது, எனக்கு 37. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். நான் ஒரு மருத்துவமனையில் செவிலியர். இருவர் வீட்டுக்கும் இடையே நான்கு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் எங்களுக்குள் நடந்ததெல்லாம் கொடுக்கல் வாங்கல்தான். பொங்கலுக்குச் சீர் வரும். என் மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி வேண்டும் என்று வந்து உட்கார்ந்தார், மோதிரம் போட்டார், இலையில் சாப்பிட்டார், போய்விட்டார். ஊரில் யாராவது "உன் அண்ணன் எப்படி?" என்று கேட்டால், என்ன சீர் செய்தார் என்பதைத்தான் நான் பதிலாகச் சொல்லியிருப்பேன். அவருக்கு என்ன பிடிக்கும், ராத்திரி தூக்கம் வராவிட்டால் என்ன செய்வார் என்று ஒன்றும் தெரியாது.

அம்மா போன பிறகு அந்தச் சீரும் கசந்தது. சேலம் குகைப் பகுதியில் இருந்த பழைய வீட்டுக்காக 2017-இல், என் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுமைக்கும் வந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "அண்ணன்தானே, விட்டுக்கொடு" என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். விட்டுக்கொடுத்தேன். ஆனால் மனதார விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடம், விசேஷ வீடுகளில் "வா", "சாப்பிட்டாயா" என்ற இரண்டு சொற்களில் ஓடியது. சீர்வரிசையைப் பெருமையாகப் பேசும் நம் ஊரில், அதே வீட்டுப் பெண் பங்கு என்று வாய் திறந்தால் பேராசைக்காரி ஆகிவிடுகிறாள். இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.

2023-இல் அந்த வீட்டுக்கு ஓடு மாற்றும்போது பரணில் அம்மாவின் தகரப் பெட்டி கிடைத்திருக்கிறது. உள்ளே மஞ்சள் துணியில் முடிந்த பதினொரு ரூபாய், எல்லாம் ஒற்றை நாணயங்கள். அம்மா யாருக்காக, எதற்காக நேர்ந்துகொண்டு முடிந்து வைத்தார் என்று தெரியாது. ஆனால் எந்தச் சாமிக்கு என்பதில் சந்தேகமே இல்லை. எங்கள் அம்மாவுக்குத் தலைவலி வந்தாலும் ஏற்காட்டு மலைச் சாமி சேர்வராயன்தான். அண்ணன் அலைபேசியில் அழைத்தார். ஆறு வருடத்தில் விசேஷம் இல்லாமல் வந்த முதல் அழைப்பு. "கண்ணு, அம்மா காசு இருக்கிறது. போய்ச் செலுத்திவிட்டு வந்துவிடலாமா?"

பஸ்ஸில் போனோம். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். மொத்தம் இருபது, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஒன்பதாவது வளைவில் அண்ணனின் முகம் வெளுத்தது. பதினொன்றாவதில் நான் ஜன்னல் பக்கம் இடம் மாற்றிக் கொடுத்தேன். பன்னிரண்டாவதில், அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே, நடத்துநரிடம் தண்ணீர் பாட்டில் கேட்டு வாங்கினேன். வேலையில் எத்தனையோ பேருக்குச் செய்ததுதான். அண்ணன் முதுகை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன். தோள்பட்டைக்கு நடுவில் எலும்பு கூனி, கல் மாதிரி இருந்தது. இருபத்தொன்பது வருடம் குனிந்து உட்கார்ந்து கண்ணி கோத்த முதுகு.

ஏற்காட்டில் இறங்கி எலுமிச்சம்பழ ஜூஸ் குடித்த பிறகு, வாயைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் கடைக்காரரே திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு மோட்டார் சைக்கிளில் கர்துங் லா போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை."

கர்துங் லா லடாக்கில் இருக்கும் உயரமான மலைக் கணவாய். இவரோ இருபது வளைவு தாங்காதவர். நான் சிரிப்பதைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது. "உட்கார்ந்து வந்தால்தான் வாந்தி வரும். ஓட்டினால் வராது" என்றார். நினைத்துப் பார்த்தால் அது உண்மைதான். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று ஓட்டுகிறவருக்கு முன்பே தெரியும். பின்னால் வருகிறவருக்குத்தான் குடல் புரளும்.

சேர்வராயன் கோயில் குகைக்குள் இருக்கிறது. பெரிய கோபுரமெல்லாம் கிடையாது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனுக்குப் பக்கத்தில் காவேரியம்மன். மலைவாழ் மக்களின் தெய்வம். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் மொத்தமும் அங்கேதான் இருக்கும். நாங்கள் போன நாளில் கூட்டமில்லை. அண்ணன் முடிச்சை அவிழ்க்க முயன்று முடியாமல் என்னிடம் கொடுத்தார். அம்மா போட்ட முடிச்சு. எனக்கும் வரவில்லை. துணியோடு உண்டியலில் போட்டோம்.

வெளியே புல்வெளியில் உட்கார்ந்து அன்று அவர் பேசிய பேச்சு, அதற்கு முன் முப்பது வருடத்தில் பேசியதைவிட அதிகம். பட்டறையில் கல்லாப்பெட்டிக்கு அடியில் பழைய பள்ளிக்கூட அட்லஸ் ஒன்று வைத்திருக்கிறாராம். கொண்டலாம்பட்டி பைபாஸில் நாம் லாரிக்குப் பயந்து கடக்கிற சாலை இருக்கிறதே, அந்த 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கன்னியாகுமரிக்கும் ஸ்ரீநகருக்கும் நடுவே ஓடுவது. தொப்பூர், ஓசூர், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டில்லி, ஜம்மு என்று விரலை மடக்கிச் சொன்னார். "வீட்டு வாசலிலிருந்து திரும்பாமல் போனால் காஷ்மீர், கண்ணு." அங்கிருந்து சோஜி லா தாண்டி கார்கில், லே. கர்துங் லாவில் 18,380 அடி என்று பலகை வைத்திருந்தார்களாம். அளந்து பார்த்தவர்கள் 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,580 அடிதான் என்று சொல்லிவிட்டார்களாம். "எடை போடும்போது கல்லையும் சேர்த்துவிட்டார்கள்" என்றார். வெள்ளிக்காரர் கோபம்.

நானும் என்னுடையதைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் ஹிக்கிம் என்று ஒரு சிற்றூர். சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் ஒரு தபால் அலுவலகம். அங்கிருந்து என் பெயருக்கு ஒரு கார்டு எழுதிப் போட வேண்டும். நான் சேலம் திரும்பிய பிறகு அது என் வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அண்ணன் சிரிக்கவில்லை. "என்ன எழுதுவாய்?" என்று கேட்டார். அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுடையது. காலை ஆறு மணிக்கு அஸ்தம்பட்டியில் சந்திப்போம். அண்ணனின் பழைய மோட்டார் சைக்கிள், பின்னால் நான். ஒருமுறை என் ஸ்கூட்டரை எடுத்துப் போய், இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்ததில் ஏழாவது வளைவில் கருகல் நாற்றம். நிறுத்தி முக்கால் மணி நேரம் சூடு ஆற உட்கார்ந்திருந்தோம். இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி வர வேண்டும், பிரேக்கை விட்டு விட்டுத்தான் தொட வேண்டும் என்று அன்றுதான் கற்றேன். கியர் இல்லாத வண்டியில் அந்த வசதி குறைவு.

மலையைச் சுற்றி 32 கிலோமீட்டருக்கு ஒரு வளையச் சாலை இருக்கிறது. படகுத்துறைக்கும் லேடிஸ் சீட்டுக்கும் வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. நல்லதுதான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி இன்று மலை முழுக்க இருக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, அதன் நிழலில் காபிச் செடி. கோடையின் முதல் மழை பெய்து பத்து நாள் போனால் அத்தனை செடியும் ஒரே இரவில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை வாசம். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். சேலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு 36 வயதில்தான் இது தெரிந்தது. லடாக்கைப் பற்றி வாய் கிழியப் பேசும் அண்ணனுக்கும் அப்போதுதான்.

அந்தச் சாலையில்தான் காட்டெருமையையும் பார்த்தோம். பனி இன்னும் விலகவில்லை. வளைவில் திரும்பியதும் பத்தடி தூரத்தில் நின்றது. கரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே நான்கு காலிலும் வெள்ளை, காலுறை போட்ட மாதிரி. மூக்கிலிருந்து ஆவி வந்தது. அண்ணன் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினார். இறங்கப் பார்த்தார். அவர் சட்டையைப் பின்னால் இழுத்து, "அண்ணா, நீ நகராதே" என்றேன். அது எங்களை ஒரு முறை பார்த்தது. அப்புறம் காபித் தோட்டத்துக்குள் வேலியை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நடந்து போனது.

கொஞ்ச தூரம் போன பிறகு அண்ணன் சொன்னார்: "என்னை நீ என்று கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா?"

எனக்குத் தெரியும். அவருக்குக் கல்யாணமான வாரம் அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "இனிமேல் அண்ணனை நீங்கள் என்று சொல்" என்றார். நான் பத்தாம் வகுப்பு. அன்றையிலிருந்து நீங்கள்தான். மரியாதை என்ற பெயரில் எத்தனை வீடுகளில் இப்படி உடன்பிறந்தவர்களுக்கு நடுவில் சுவர் எழுப்புகிறார்கள். இந்தப் பதிவில் "அவர்" என்றுதான் எழுதுகிறேன், நாலு பேர் படிப்பார்கள். வண்டியில் "நீ"தான்.

சொத்து விஷயத்தையும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பேசினோம். பகோடா பாயிண்டில், கீழே ஊரைப் பார்த்தபடி. அவர்தான் தொடங்கினார்: "அன்றைக்கு உன்னைக் கேட்டிருக்க வேண்டும்." நான், "ஆமாம், கேட்டிருக்க வேண்டும்" என்றேன். பத்திரம் பத்திரமாகவே இருக்கிறது, யாரும் எதையும் மாற்றி எழுதவில்லை. கசப்பு முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய்.

"ஏற்காடு ஏறிப் பழகினால் லே தாங்கும்" என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். செவிலியராக அதற்கு நான் சம்மதிக்க முடியாது. ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம், லே 3,500 மீட்டர். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் ஆளைப் பிடிக்கும். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் பங்கு அதே 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால் மூச்சுக்கு மூச்சு உள்ளே போவது குறைகிறது. அதைவிட எனக்குப் பயம் அவருடைய நுரையீரல். ஊதுகுழலை வாயில் வைத்துப் பற்றவைப்புப் புகைக்கு நடுவே உட்கார்ந்த ஆள். "சோதனை செய்யாமல் நான் வர மாட்டேன்" என்றேன். காய்ச்சல் வந்தால்கூட மாத்திரையோடு முடித்துக்கொள்கிறவர், கர்துங் லாவுக்காக நுரையீரல் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்தார். "ஊதுவதா? என் தொழிலே அதுதான்" என்று பெருமையாகக் குழாயை வாங்கினார். மூன்று முறை ஊதச் சொன்னார்கள். முடிவு கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. போகக்கூடாது என்றில்லை, மெதுவாக உயரம் ஏற வேண்டும், பட்டறையில் புகை வெளியேற வழி செய்ய வேண்டும் என்றார் மருத்துவர். அந்த வாரமே பட்டறைச் சுவரில் எக்ஸாஸ்ட் மின்விசிறி சுழன்றது. "பதினைந்து வருஷமாக நான் சொன்னது காதில் விழவில்லை" என்று அண்ணி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

இப்போது பிரச்சினை வேறு. கன்னியாகுமரியிலிருந்து கத்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை சேலம் வழியாகப் போகிறது. ஜம்முவரை ரயிலில் போய், அங்கிருந்து சாலையில் ஏறலாம் என்பது என் கட்சி. கார்கிலில் ஒரு ராத்திரி தங்கினால் உடம்பும் பழகும். அண்ணன் கேட்பதாக இல்லை. கொண்டலாம்பட்டியிலிருந்தே வண்டியில்தான் கிளம்ப வேண்டுமாம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், அந்த முதுகை வைத்துக்கொண்டு. இதற்கு நடுவில் அண்ணி தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வண்டியில் அவர் எங்கே உட்காருவார் என்பதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. தீபாவளிக் கொலுசு ஆர்டர் முடியட்டும் என்கிறார்.

இந்த ஞாயிறும் அதே சண்டை. அடிவாரத்தில் தொடங்கி, பதினான்காவது வளைவு தாண்டியும் ஓயவில்லை. "ரயிலில் எனக்கு வாந்தி வரும்" என்று கடைசியாக ஒரு காரணம் சொன்னார். ரயிலில் யாருக்கு அண்ணா வாந்தி வருகிறது என்றேன். பதில் சொல்லாமல் கியரைக் குறைத்தார்.