சக்தி பிராசசர் ஆர்ம் அல்ல

சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர், ஆர்ம் என்ற நிறுவனத்தின் சிப் வடிவமைப்பை வாங்கிப் பெயர் மாற்றியது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. சக்தி, ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதியில் (பிராசசர் புரிந்துகொள்ளும் கட்டளைகளின் பட்டியல்) இயங்குவது. ரிஸ்க்-ஃபைவ் 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. உரிமத்தொகை கட்டாமல் யாரும் பயன்படுத்தலாம். ஆக, கட்டளைத் தொகுதி வெளியிலிருந்து வந்தது சரிதான், ஆனால் அந்தக் கட்டளைகளை நிறைவேற்றும் கோர் (பிராசசரின் மையப் பகுதி) சென்னையில் எழுதியது.

சந்தேகம் இருந்தால் கிட்லேப் என்ற நிரல் பகிரும் தளத்தில் சக்தியின் சி-கிளாஸ் என்ற கோரைத் திறந்து பாருங்கள். மூல நிரல் ப்ளூஸ்பெக் என்ற சிப் வடிவமைப்பு மொழியில், யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் பிஎஸ்டி உரிமத்தோடு அப்படியே கிடக்கிறது. எம்டெக் மாணவர்கள் இறக்கி, கணினியில் சிமுலேஷனே (மாதிரி இயக்கம்) ஓட்டிப் பார்க்கலாம். ஆர்ம் தன் கோர் நிரலை இப்படிப் பொதுவில் வைக்க விடாது.