இலவசத் தளங்களை இவ்வளவு குறைத்து மதிப்பிட வேண்டாம்
சைஃபைண்டர், ரியாக்சிஸ் மாதிரி வேதியியல் தகவல் தேடும் கட்டணத் தளங்கள் இல்லாத கல்லூரியில் வேதியியல் ஆய்வு நடக்காது என்று இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. ஒரு வினையை இதற்கு முன் யார், எந்தச் சூழலில் செய்தார்கள் என்று தேட அவை வேண்டும், சரி. ஆனால் எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் அன்றாடம் தேவைப்படுவது உருகுநிலை, நிறமாலை, நச்சுத்தன்மை விவரம். என் மாணவர்கள் ஐஆர் (அகச்சிவப்பு), என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலைகளுக்கு ஜப்பானின் எஸ்டிபிஎஸ் தளத்தையும், நிறை நிறமாலைக்கு அமெரிக்காவின் நிஸ்ட் வெப்புக்கையும்தான் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் காசு கிடையாது. மூலிகை வேதியியல் என்றால் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் உருவான இம்பாட் என்ற தரவுத்தளம் இருக்கிறது. எந்தச் செடியின் எந்தப் பாகத்தில் என்ன சேர்மம் என்று அதில் பார்க்கலாம். கட்டுரை அதைக் குறிப்பிடவே இல்லை என்பதுதான் வருத்தம். அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் இலவச வேதியியல் தரவுத்தளமான பப்கெம் ஒன்றே போதும் என்கிறார். அதுவும் சரியல்ல. 2004-ல் தொடங்கிய பப்கெம், பலர் தரும் தரவுகளைச் சேர்த்து வைக்கும் இடம். மஞ்சளில் உள்ள குர்குமினைத் தேடிப் பாருங்கள்: அதே சேர்மத்தின் கீட்டோ வடிவத்துக்கு ஒரு பதிவு எண், ஈனால் வடிவத்துக்கு வேறு பதிவு எண். உருகுநிலை போன்றவற்றுக்கு ஒரே பக்கத்தில் பல மதிப்புகள் இருக்கும், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று கூடவே போட்டிருக்கும். மாணவர்கள் பலர் முதலில் கண்ணில் பட்டதை அப்படியே ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார்கள். அந்த மூலத்தைத் திறந்து பார்க்க முதலாமாண்டிலேயே பழக்க வேண்டும்; எங்கள் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை.