அந்த அம்மாவை ஏன் படம் எடுத்தீர்கள்?

அந்த மயாமி வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள், சிரிக்கிற எமோஜியோடு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கியூபாக்காரர்களின் கரிதாத் மாதா கோயிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்து அழுதுகொண்டிருந்த வயதான அம்மாவை ஜூம் பண்ணி, வடிவேலு வசனம் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். எடுத்தவர் நம்ம ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

அது வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை. காஸ்ட்ரோ ஆட்சியில் கியூபாவை விட்டு ஓடிவந்தவர்கள் கட்டிய கோயில். உள்ளே இருக்கிற மாதா சுரூபம், ஹவானா பக்கத்தில் குவானாபோ என்ற ஊர்க் கோயிலில் இருந்தது. 1961-ல் தூதரகத்தில் மறைத்துவைத்து, பெட்டிக்குள் போட்டு வெளியே கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 8, மாதா திருநாளன்றே மயாமி வந்து சேர்ந்தது. பேஸ்பால் மைதானத்தில் ஆயிரக்கணக்கில் கூடிப் பூசை கண்டார்கள். பிறகு அன்றாடம் உழைத்த காசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து இந்தக் கோயிலை எழுப்பினார்கள். 1973-ல் கோயிலை அர்ச்சித்துத் திறந்தார்கள்.

இந்தக் கோயிலை வளர்த்த ஆயர் அகுஸ்தீன் ரோமான் ஆண்டகையும் 1961-ல் கப்பலில் ஏற்றி நாடு கடத்தப்பட்ட குருதான். கியூபாவின் பழைய 126 வட்டாரங்களையும் முறைவைத்து அழைத்தார், இன்றைக்கு இந்த ஊர்க்காரர்கள், அடுத்து அந்த ஊர்க்காரர்கள் என்று. செபத்துக்கு வந்த இடத்தில் பக்கத்துத் தெருக்காரரைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்!

பீடத்துக்கு அடியில் இருக்கிற கல்லில் கியூபாவின் மாகாணங்களிலிருந்து வந்த மண் கலந்திருக்கிறது. அதைக் குழைத்த தண்ணீர், கடலில் 15 பேர் செத்துப்போன ஒரு தெப்பத்திலிருந்து எடுத்தது. இது தெரிந்த பிறகும் அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு சிரிக்க முடியுமா?

என்னை அங்கே முதலில் கூட்டிப்போனது எங்கள் பக்கத்து வீட்டு கியூபாப் பாட்டி. சூரியகாந்திக் கொத்தில் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரித்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பூவை மட்டும் மாதாவுக்கு வைத்தார். "கச்சிதா" என்று செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டே. பின்னால் இருக்கிற பெரிய சுவரோவியத்தில் கியூபாவின் விடுதலை வீரர் ஹொசே மார்த்தியைக் காட்டினார். அப்புறம் கடல் சுவரோரம் போய் உட்கார்ந்தார். அவருடைய அம்மா செத்தபோது அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. அன்றைக்கு யாராவது அவர் முகத்துக்கு நேரே போனை நீட்டியிருந்தால் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன்.

"பொது இடம்தானே, எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள்" என்பீர்கள். கோயிலை எடுங்கள், மாதாவை எடுங்கள். அழுகிறவரை எடுக்காதீர்கள். "அங்கே அரசியலும் பேசுகிறார்கள்" என்கிறீர்கள். பேசுவார்கள். நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் வேறு எதைப் பேசுவார்கள்?

"நீ கிறிஸ்தவள், அதான் உனக்குக் கோபம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதுதான் வலித்தது. எங்கள் வேளாங்கண்ணிக்கும் அதே செப்டம்பர் 8-தான் திருநாள். காவி கட்டிக்கொண்டு நடந்து வருகிறவர்களிடம் யாரும் மதம் கேட்பதில்லை. மொட்டை போடுகிறவர்களில் எத்தனை பேர் இந்துக்கள் என்று உங்களுக்கே தெரியும். என் அம்மாவோடு பொருத்தனைக்கு நடந்து வந்தது எதிர்வீட்டு மாரியம்மா அத்தை. அவரிடம் போய்ச் சொல்லுங்கள் இந்த வாதத்தை.

எனக்கு ஆறவே இல்லை. படகில் வந்து இறங்கியவர்களை மண்டபம் முகாமில் பார்த்தவர்கள் நாம். பெட்டி படுக்கை இல்லாமல், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்களே, அவர்களில் ஒருத்தி ராமேஸ்வரம் கரையில் நின்று தலைமன்னார் பக்கம் பார்த்து அழுதால் வசனம் போடுவீர்களா? நம்ம சனம் என்றால் கண்ணீர், கியூபாக்காரி என்றால் காமெடியா?

வீடியோவை எடுத்த தம்பிக்கு இது போய்ச் சேரும் என்று தெரியும். லைக் எவ்வளவு வந்திருந்தாலும் சரி, இன்றைக்கே அதை நீக்கிவிடு. அனுப்பியவர்களும் அழித்துவிடுங்கள். அந்த அம்மாவின் பேரப்பிள்ளைகள் கண்ணில் அது படக்கூடாது.