கட்டடம் முடிந்தது சரி, கம்பனி முடிந்ததா?

கொழும்பு வெள்ளவத்தையில் கட்டடம் முடிந்ததும் ஒரு கம்பனி காலையில் கேட்டைப் பூட்டி, வேலையாட்களை வெளியே நிறுத்திய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், முழுக்கதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. கேட்டுக்கு வெளியே நின்ற அந்த ஆட்களைப் பார்த்த கவலையை விட, வீடியோவுக்குக் கீழே வந்த கருத்துகள்தான் எனக்கு அதிகமாக வலித்தது. "புரொஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சதுதானே, இதுல என்ன அநியாயம்?" எழுதியவர்கள் நம்முடைய ஆட்கள். படித்தவர்கள்.

கட்டடம் முடிந்தது, சரி. கம்பனி முடிந்ததா? அதே கம்பனி இப்போது தெஹிவளையில் அத்திவாரம் போட்டுக்கொண்டிருக்கிறது. வெளியே நிறுத்தப்பட்டவர்களில் பலர் வருடக்கணக்காக அவர்களோடு சைட் சைட்டாகப் போனவர்கள். கொள்ளுப்பிட்டியில் கம்பி கட்டினார்கள், அது முடிய ராஜகிரிய, அப்புறம் வெள்ளவத்தை. சுப்பர்வைசர் மாறவில்லை, சம்பளம் கொடுத்த கையும் மாறவில்லை. இவர்கள் ஒரு புரொஜெக்டுக்கு மட்டும் எடுத்த ஆட்களா?

இலங்கையில் வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் பற்றி 1971ஆம் ஆண்டிலேயே 45ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் முதலாளி, 12 மாதத்துக்குள் 180 நாளாவது தன்னிடம் வேலை செய்த ஒருவரை, ஒழுக்கக்கேடு எதுவும் இல்லாமல் நிறுத்த வேண்டுமானால், முதலில் அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் தொழில் திணைக்களத்தின் தலைவரான தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த நிறுத்தம் சட்டப்படி செல்லாது. வேலை குறைந்துவிட்டது என்பதும் அனுமதி கேட்பதற்கான ஒரு காரணம்தான். அனுமதியே கேட்காமல் காலையில் கேட்டைப் பூட்டுவதற்கு அது காரணமாகாது.

"புரொஜெக்ட் முடிய வேலையும் முடியும்னு கடதாசியில கையெழுத்து வச்சாங்கதானே?" வைத்தார்கள். சிங்களத்தில் இருந்த படிவம், சேர்ந்த அன்றைக்கு வரிசையில் நிற்க வைத்து வாங்கியது. அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் அவர்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. ஆனால் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், வேலை வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபை நியாயமான நிவாரணம் கொடுக்கலாம். அப்படியென்றால் அந்தக் கடதாசியோடு பேச்சு முடிந்துவிடாது.

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை. பிலிப்பைன்ஸ் சட்டத்தில் நிரந்தரத் தொழிலாளி, புரொஜெக்ட் தொழிலாளி என்ற பிரிவே இருக்கிறது. அங்கேயும் எந்த வேலைக்கு, அது எப்போது முடியும் என்பதைச் சேர்க்கும்போதே தீர்மானித்திருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் தொழிலுக்குத் தேவையான அதே வேலைக்கு ஒருவரை விடாமல் திரும்பத் திரும்ப எடுத்தால் அவர் நிரந்தரமாகிவிடலாம் என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 1998இல் சொல்லிவிட்டது.

என் அப்பா பூச்சு பாஸ், சுவர் பூசும் மேசன். மலையகத்தில் ஹட்டன் தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து இளம் வயதில் கொழும்புக்கு வந்து, 18 வருடம் ஒரே கொன்ட்ராக்டரிடம் வேலை செய்தார். கட்டடச் சாரத்தில் நின்று நின்று முழங்கால் போனது. அடுத்த சைட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, "உங்க புரொஜெக்ட் முடிஞ்சுது ஐயா" என்றார்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். அப்பாவுக்கு 252 நாள் சம்பளம். ஒரு சதம் வரவில்லை. நியமனக் கடிதம் இல்லை, ஊழியர் சேமலாப நிதி (EPF) கணக்கும் இல்லை. முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் அதில் கட்ட வேண்டும் என்பது தனக்கும் பொருந்தும் என்று அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. அம்மா காதுத் தோட்டை அடகு வைத்துத்தான் அந்த வருடம் எனக்குப் பள்ளிக்கூடச் சாமான் வாங்கினார்.

கம்பனிகளும் பாவம், 2022 பொருளாதார நெருக்கடிக்கு அப்புறம் கட்டட வேலையே படுத்துவிட்டது என்கிறீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. அரசாங்கம் கொடுக்க வேண்டிய காசு நிலுவையில் நின்று சின்னக் கொன்ட்ராக்டர்கள் எத்தனையோ பேர் விழுந்துபோனார்கள். அப்படிக் கஷ்டம் இருந்தால் ஆணையாளரிடம் போய்ச் சொல்ல வழி இருக்கிறது. நட்டம் வந்தபோது போகாதவர்கள், தெஹிவளையில் புதுச் சைட் திறக்கும்போது பழைய ஆட்களை மட்டும் விட்டுவிட்டுப் புது ஆட்களை எடுக்கிறார்களே, அதற்கு என்ன பெயர்?

"அவங்க சப் கொன்ட்ராக்டரோட ஆட்கள்" என்கிறீர்கள். யாருடைய ஆட்கள் என்பதை நியாயசபை விசாரித்துச் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

ஒருவர் எழுதியிருந்தார், "தோட்டத்துல இருந்து வந்ததுகளுக்கு இவ்வளவு கிடைச்சதே பெரிசு" என்று. அதை வாசித்துவிட்டு அன்றிரவு நான் சாப்பிடவில்லை. நீங்கள் பால் காய்ச்சிக் குடிபுகுந்த தொடர்மாடியின் சுவர் அந்த ஆட்கள் பூசியது. லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் பத்தாம் மாடிக்கு சீமெந்து மூட்டையைத் தோளில் ஏற்றியது அவர்கள். "வந்ததுகள்" என்று எழுதும்போது என் அப்பாவையும் சேர்த்துத்தான் எழுதுகிறீர்கள். அதை அழியுங்கள். மன்னிப்பு கேட்கிறீர்களோ இல்லையோ, முதலில் அழியுங்கள்.

நிறுத்தப்பட்டவர்களில் யாரையாவது தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். நியாயசபைக்கு விண்ணப்பிக்க நிறுத்திய நாளிலிருந்து 6 மாதம்தான் இருக்கிறது. வரவுப் புத்தகத்தின் போட்டோ, சம்பளம் வந்த வங்கிச் சீட்டு, சுப்பர்வைசர் "நாளைக்கு இந்தச் சைட்டுக்கு வா" என்று அனுப்பிய வட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம். புதுக் கடதாசி நீட்டினால் கையெழுத்து வைக்க வேண்டாம். வியாழக்கிழமை சிலரோடு நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போகிறேன். சிங்களத்தில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர்கள் யாராவது கூட வர முடியுமானால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.